பதினேழாம் கேட் குறிப்பு

— கையெழுத்து போட மாட்டேன்னு சொல்லியாச்சு மேடம். இன்னும் பத்து தடவ அந்தப் பேப்பரை இந்தப் பக்கம் தள்ளினாலும் அது திரும்பி உங்க பக்கம்தான் வரும்.

— படிச்சாவது பாருங்கம்மா. பெருசா ஒண்ணும் இல்ல. அதாவது, ரயில் வருதுன்னு பெட்டியில மணி அடிச்ச பிறகுதான் கேட்டை மூடுவேன், அதுக்கு முன்னாடி என் இஷ்டத்துக்கு மூட மாட்டேன். அவ்வளவுதான் எழுதியிருக்கு. போட்டுக் குடுத்தா விசாரணையை இதோட முடிச்சிடலாம்னு எங்க சார் சொல்லியிருக்கார்.

— போடலன்னா?

— சஸ்பெண்டு. நாளைக்கு உங்க இடத்துல வேற கேட் கீப்பர் வந்து நிப்பாங்க.

— வர்றவங்க மணி அடிச்ச பிறகு மூடுவாங்க.

— ஆமா.

— அப்ப அவங்க கையில ஒரு பெரிய கோணிப்பையும் குடுத்து அனுப்புங்க. தண்டவாளத்துலேர்ந்து பொறுக்கிப் போட நிறைய இருக்கும்.

— இப்படியெல்லாம் பேசாதீங்க.

— பின்ன எப்படிப் பேசறது? ஆறு வருஷமா இந்த கேட்ல நிக்கறேன் மேடம். எங்க வீட்டுக்காரரும் காலைல இதேதான் சொன்னார். போட்டுத் தொலைச்சிட்டு வேலையைக் காப்பாத்திக்கோன்னு. அவருக்கு சமையல்கட்டுல பதில் சொல்லிட்டு வந்தேன். உங்களுக்கு இங்க சொல்றேன். ஒரே பதில்தான்.

— உங்க மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல. ஆனா புகார் வந்திருக்கு. போன செவ்வாய்க்கிழமை ஒரு காரை, ரயில் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே கேட்டை மூடி நிறுத்தி வச்சிருக்கீங்க. பதிவை எடுத்துப் பார்த்தா அன்னைக்கு மட்டும் இல்ல, பதினாறு நாளா எல்லா ரயிலுக்கும் மணி அடிக்கறதுக்கு ஐம்பது செகண்டு முன்னாடியே மூடறீங்க.

— ஐம்பது செகண்டு. அந்தக் கார்க்காரர் ஹாரன் அடிச்ச நேரமே அதுக்கு மேல இருக்கும்.

— ஏன் அப்படிச் செய்யறீங்க?

— பதினாறு நாளைக்கு முன்னாடி வரைக்கும் மணியே அந்த நேரத்துலதான் அடிச்சுது. ரயில் வர்றதுக்கு நூத்திப்பத்து செகண்டு முன்னாடி. திடீர்னு ஒருநாள் காலைல அறுபதுன்னு ஆயிடுச்சு. மணிக்குப் புத்தி கெட்டுப் போச்சு, எனக்குப் போகல.

— எல்லா கேட்லயும் அறுபதுதாம்மா.

— எல்லா கேட்டும் நீங்க பார்த்திருக்கீங்களா?

— ஃபைல்ல பார்த்திருக்கேன்.

— ஃபைல்ல. சரி, அந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஒரு கால் ஆடும், சுவர்ல சாஞ்சுக்குங்க. இருங்க, ஃபோன் அடிக்குது. பதினேழு. ஆமா. கிளம்பிடுச்சா? சரி, எழுதிக்கிட்டேன். மேடம், நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. முந்தின ஸ்டேஷன்லேர்ந்து வண்டி கிளம்பிடுச்சு. சரியா ஆறு நிமிஷத்துல இந்த கேட்டைத் தாண்டும். வாட்ச்சைப் பார்த்துக்கிட்டே இருங்க.

— மணி அஞ்சாவது நிமிஷத்துல அடிக்கும். அது அடிக்கட்டும். நான் இருக்கும்போதாவது ஒழுங்கா செய்யுங்க.

— அதுக்குள்ள ஜன்னல் வழியா ரோட்டைப் பாருங்க. என்ன தெரியுது?

— ஒரு லாரி வருது. கல்லு ஏத்திக்கிட்டு. பின்னாடி இன்னொண்ணு.

— குவாரி லாரி. விடிஞ்சதுலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இதுங்கதான். ரோடு தண்டவாளத்துக்கு மேடா ஏறுது பாருங்க, லோடோட முதல் கியர்லதான் ஏறும். ஊர்ந்து ஊர்ந்து அந்தப் பக்கம் இறங்க ஐம்பது செகண்டு ஆகும். இப்ப ரயில் வர்ற பக்கம் பாருங்க.

— பாறைதான் தெரியுது.

— பாறைக்குப் பின்னாடி லைன் வளையுது. ரயில் அந்த வளைவைத் தாண்டித் தலையைக் காட்டினா, இங்க வர்றதுக்குப் பதினஞ்சு செகண்டு. அதுவரைக்கும் லாரி டிரைவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சத்தம்கூடப் பாறை முழுங்கிடும். எவ்வளவு ஆச்சு?

— நாலு நிமிஷம், அஞ்சு செகண்டு.

— நகருங்க. கேட்டு போடணும்.

— இன்னும் மணி அடிக்கல. என் கண்ணு முன்னாடியே மீறறீங்க.

— ஆமா பின்ன, உங்க கண்ணு முன்னாடிதான். எழுதிக்குங்க. நான் கைப்பிடியைச் சுத்தறேன். கேட்டு இறங்கி முடிக்க இருபத்தஞ்சு செகண்டு. முதல் லாரி ஏற ஆரம்பிச்சிடுச்சு, அதை விட்டுட்டு அந்தப் பக்கத்துக் கட்டையைக் கடைசியா இறக்குவேன். ரெண்டாவதை இங்கயே நிறுத்தறேன். நீங்க முதல் லாரியோட பின் சக்கரத்தை மட்டும் பாருங்க.

— இன்னும் தண்டவாளத்து மேலதான் இருக்கு.

— பாருங்க.

— இன்னும் நடுவுலதான் நிக்குது. என்னம்மா இவ்வளவு மெதுவா போகுது?

— கல்லு மேடம் அது, பஞ்சு இல்ல.

— தாண்டிடுச்சு. இப்பத்தான் தாண்டுச்சு. மணி அடிக்குது.

— இப்பத்தான் உங்க பெட்டிக்குத் தூக்கம் கலையுது. மணி அடிச்ச பிறகுதான் மூடணும்னு நான் நின்னிருந்தா, ரெண்டாவது லாரி என்ன பண்ணியிருக்கும்? பாதி இறங்கின கேட்டுக்கு அடியில நுழைஞ்சிருக்கும். கேட்டு இறங்க இருபத்தஞ்சு, லாரி தாண்ட ஐம்பது. கூட்டிச் சொல்லுங்க.

— எழுபத்தஞ்சு.

— உங்க மணி எனக்குக் குடுக்கறது எவ்வளவு?

— அறுபது.

— ஜன்னலை விட்டுத் தள்ளி வாங்க. காத்து இழுக்கும்.

— ரயில் சத்தமே கேக்கலையேம்மா, இன்னும்.

— இப்பக் கேக்கும்.

— போயிடுச்சா?

— போயிடுச்சு. தண்ணி குடிங்க. நான் கேட்டைத் தூக்கி விட்டுட்டு வரேன், ரெண்டாவது லாரிக்காரர் ஏற்கெனவே என்னை முறைச்சுக்கிட்டு இருக்கார்.

— அந்த நூத்திப்பத்து யார் வச்சது? அதைச் சொல்லிட்டுப் போங்க.

— வந்து சொல்றேன். ஓடிப் போயிட மாட்டேன்.

— ம்.

— நாலு வருஷத்துக்கு முன்னாடி மேடம், ஒரு டெக்னீஷியன் வந்தார். ஒல்லியா இருப்பார், சட்டைப் பையில மூணு பேனா. ஒரு நாள் முழுக்க என்கூட வெயில்ல நின்னு லாரியை எண்ணினார். நான் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டர்ல அடிச்சார். எண்ணு மட்டும் இல்ல, மேல ஒரு குறிப்பும் எழுதினார். பின்னாடி யாராவது இதைக் குறைக்க வந்தா குறிப்பைப் பார்த்துட்டுக் கையை எடுத்துடுவாங்கன்னு சொன்னார்.

— குறிப்பா? எங்க எழுதினார், நோட்டுலயா?

— அதே ஃபைல்லதான். வரிக்கு முன்னாடி வேலி மாதிரி ஒரு குறி போட்டார்.

— வேலி மாதிரின்னா, ரெண்டு கோடு நெட்டுக்கு, ரெண்டு கோடு குறுக்க?

— அதேதான். என்ன மேடம், முகம் ஒரு மாதிரி ஆகுது?

— ஒரு நிமிஷம். லேப்டாப்பைத் திறக்கறேன். பழைய ஃபைலோட ஒரு நகல் என்கிட்ட இருக்கு. பதினேழு, பதினேழு. இருக்கு.

— படிங்க.

— "இந்த எண்ணைக் குறைக்காதே. வளைவு, பாறை, ஏற்றம். கல் லாரி தாண்ட ஐம்பது செகண்டு ஆகிறது. நின்று எண்ணிப் பார்த்தது. சந்தேகம் வந்தால் பதினேழாம் கேட்டில் இருப்பவரைக் கேள்."

— கேள்னு எழுதியிருக்கார் பாருங்க. யார் கேட்டீங்க?

— யாரும் கேக்கல. இப்ப ஓடற ஃபைல்ல இந்தக் குறிப்பே இல்ல.

— யார் அழிச்சது?

— அதாவது... கொஞ்சம் விளக்கமாச் சொல்லணும். மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு கேட்டு. எல்லாத்தோட எண்ணும் ஒரே ஃபைல்ல இருக்கு. ஆனா ரெண்டு ஆபீஸ் அதை மாத்துது. ரயில் ஆபீஸ் ஒரு நகல்ல மாத்தும், ரோடு ஆபீஸ் இன்னொரு நகல்ல மாத்தும். மாசக் கடைசியில ரெண்டையும் ஒண்ணா சேர்க்கணும்.

— நானும் என் நாத்தனாரும் ஒரே அலமாரியை அடுக்கற மாதிரி.

— அப்படித்தான். முன்னாடி வரி வரியா வச்சுச் சேர்த்தாங்க. நடுவுல ஒரு ஆபீஸ் புதுசா ஒரு கேட்டு எழுதினா, அதுக்குக் கீழ இருக்கிற வரியெல்லாம் இறங்கிடும். ஒரு கேட்டோட எண் இன்னொரு கேட்டுக்கு அடியில போய் உக்காந்துடும்.

— அது எங்க வீட்ல நடந்தது. மேலேர்ந்து மூணாவது தட்டுல அத்தையோட மருந்துன்னு நான் சொல்லி வச்சேன். நாத்தனார் மேல ஒரு தட்டு புதுசா அடிச்சுட்டா. மூணாவது தட்டுல சோப்புத்தூள் வந்துடுச்சு. அத்தை கண்ணாடி போட்டிருந்ததால பிழைச்சாங்க.

— அந்த மாதிரி ஆகக் கூடாதுன்னுதான் நான் ஒரு புரோகிராம் எழுதினேன். ரெண்டு வருஷ வேலை. அது வரியைப் பார்க்காது, ஃபைலை ஒரு மரமாப் படிக்கும். அடிமரம்னா மொத்த லைன். ஒவ்வொரு கேட்டும் ஒரு கிளை. கிளையில இருக்கிற இலைங்கதான் அந்த கேட்டோட எண்கள். பதினேழாம் கேட்டுக் கிளை எந்த வரியில இருந்தாலும் சரி, அதைப் பதினேழாம் கேட்டுக் கிளையோட மட்டும்தான் ஒப்பிடும். ரெண்டு ஆபீஸும் வேற வேற இலையை மாத்தியிருந்தா ரெண்டையும் எடுத்துக்கும். ஒரே இலையை ஆளுக்கு ஒரு மாதிரி மாத்தியிருந்தா நின்னு, நீங்களே முடிவு பண்ணுங்கன்னு கேக்கும்.

— மூணாவது தட்டுன்னு பார்க்காம, அத்தை மருந்து தட்டுன்னு பார்க்கும்.

— ஆமா. ஒரு எண் கூட இடம் மாறல. ஆபீஸ்ல எல்லாரும் கைதட்டினாங்க.

— நல்லாத்தானே இருக்கு. நானும் தட்டியிருப்பேன். பின்ன என் குறிப்பு எங்க போச்சு?

— குறிப்பு மரத்துல இல்ல.

— இல்லன்னா?

— வேலிக் குறி போட்ட வரியைக் கம்ப்யூட்டர் படிக்காது. அது மனுஷங்க மனுஷங்களுக்கு எழுதிக்கறது. அதனால நான் கட்டின மரத்துல அதுக்கு இடமே வைக்கல. சேர்த்து முடிச்சதும் மரத்தைத் திரும்ப ஃபைலா எழுதும். மரத்துல இருக்கறது மட்டும்தான் வெளியில வரும். போன மாசம் முதல் தடவ அதை ஓட்டினோம். அன்னைக்கே எல்லாக் குறிப்பும் போயிடுச்சு.

— உதிர்ந்து போச்சு.

— உதிரல. நான் உதிர்த்தேன்.

— சரி, எண்ணு எப்படி மாறிச்சு? உங்க மரம் எண்ணைப் பத்திரமா வைக்கும்னீங்க.

— வச்சுது. நூத்திப்பத்து அப்படியேதான் இருந்துது. பதினாறு நாளைக்கு முன்னாடி ஆபீஸ்ல ஒருத்தர் சரிபார்க்க உக்காந்தார். இருநூத்தியொரு கேட்ல அறுபது. நடுநடுவுல மட்டும் நூத்திப்பத்து, தொண்ணூறு, நூத்தியிருபதுன்னு இருக்கு. ஏன்னு பக்கத்துல ஒரு வார்த்தை இல்ல. யாரோ தப்பா அடிச்சிட்டாங்கன்னு நினைச்சு எல்லாத்தையும் அறுபதா மாத்திட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பார்த்திருக்க வேண்டிய வரி அங்க இல்ல.

— நடுநடுவுலன்னா என்ன அர்த்தம்? என் கேட்டு மட்டும் இல்லையா?

— பழையதையும் புதுசையும் பக்கத்துல வச்சுப் பார்க்கறேன். ஆறு, பதினேழு, இருபத்தொன்பது, முப்பத்திமூணு, நாப்பது... மொத்தம் பதினொண்ணு. உங்களைச் சேர்த்துப் பதினோரு கேட்டு.

— மத்த பத்துலயும் மணி லேட்டா அடிக்குது. இந்த நிமிஷம்.

— ஆமா.

— அப்ப ஏன் என் முகத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க? மாத்துங்க.

— என்னால மட்டும் முடியாது. புது ஃபைலை அனுப்ப சார் அனுமதி குடுக்கணும். கூப்பிடறேன். நீங்களும் கேளுங்க, ஸ்பீக்கர்ல போடறேன்.

— சொல்லும்மா. கையெழுத்து வாங்கிட்டியா?

— இல்ல சார். அவங்க செஞ்சதுதான் சரி. என் புரோகிராம் குறிப்பையெல்லாம் தூக்கிப் போட்டிருக்கு. அதனால பதினோரு கேட்ல நேரத்தைக் குறைச்சிட்டோம். பழைய எண்ணை உடனே அனுப்பணும், நீங்க ஓகே சொல்லுங்க.

— மெதுவா, மெதுவா. எங்கயாவது விபத்து நடந்திருக்கா?

— இல்ல.

— நடக்கலல்ல? அப்ப ஏன் பதறற? இங்க பாரும்மா, புது முறை வந்து ஒரு மாசம் ஆகல. தப்புன்னு இப்ப சொன்னா இருநூத்திப் பன்னெண்டு கேட்டையும் திரும்பச் சரிபார்க்கச் சொல்வாங்க. அதுவரைக்கும் எல்லா ரயிலும் ஊர்ந்துதான் போகணும். திங்கட்கிழமை வழக்கமான மாத்தம் போகும்போது இதையும் உள்ள வச்சு அனுப்பிடலாம். யாருக்கும் தெரிய வேண்டாம்.

— இன்னைக்கு வியாழக்கிழமை சார்.

— நாலு நாள்தானே?

— ஒரு கேட்ல ஒரு நாளைக்கு முப்பது ரயில். நாலு நாள், பதினோரு கேட்டு. நான் இப்ப ஒரு ரயில் பார்த்தேன் சார். ஒண்ணே ஒண்ணு. மணி அடிக்கும்போது லாரியோட பின் சக்கரம் அப்பத்தான் தண்டவாளத்தை விட்டு இறங்குது. இவங்க மீறி மூடலன்னா பின்னாடி வந்த லாரியும் தண்டவாளத்து மேல நின்னிருக்கும்.

— அந்தப் பொண்ணு கையெழுத்து போடட்டும். புகார் முடிஞ்சிடும். மத்ததை நான் பார்த்துக்கறேன்.

— போட மாட்டாங்க.

— நீ சொன்னா போடுவாங்க.

— நான் சொல்ல மாட்டேன்.

— யோசிச்சுப் பேசும்மா. இது வெளிய வந்தா யார் பேர் அடிபடும்? நீ எழுதின புரோகிராம். உன் பேர்தான்.

— என் பேர்தான் வரணும். வேற யார் பேர் வரும்னு நினைச்சீங்க, இந்தம்மா பேரா?

— இருபது வருஷ சர்வீசு உனக்கு. ஒரு பேப்பருக்காகத் தூக்கிப் போடாத.

— அனுமதி குடுக்கறீங்களா, இல்லையா?

— திங்கட்கிழமை.

— சரி சார். வச்சிடறேன்.

— மேடம்.

— ம்.

— அந்தப் பேப்பரை ஏன் கவுத்துப் போடறீங்க?

— பின்பக்கம் காலியா இருக்கு. எழுதறேன். "பதினேழாம் கேட்டில் பணியில் இருப்பவர் மணிக்கு முன் கேட்டை மூடியது சரி. தவறு நான் எழுதிய புரோகிராமில் இருக்கிறது. பதினோரு கேட்டுகளில் ஆபத்து என்று இன்று என் மேலதிகாரியிடம் சொன்னேன். திங்கள் வரை பொறுக்கச் சொன்னார். நான் பொறுக்கவில்லை." கீழ என் கையெழுத்து. சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும்.

— இங்க குடுங்க. இதுக்குப் போடறேன், ரெண்டு போடணும்னாலும் போடறேன்.

— ஒண்ணு போதும். இந்தச் சுவர் ஃபோன்லேர்ந்து மத்த கேட்டுக்குப் பேச முடியுமா?

— ஸ்டேஷன்ல சொன்னா லைன் போட்டுக் குடுப்பாங்க. ஆனா இதுல பேசறதெல்லாம் பதிவாகும் மேடம். அந்தப் பயத்துலதான் நாங்க யாரும் இதுல நல்லா இருக்கியான்னுகூடக் கேட்டுக்க மாட்டோம். செல்ஃபோன் டியூட்டியில இருக்கிறவங்க கையில இருக்காது, பூட்டி வச்சிடணும்.

— பதிவாகட்டும். நேரத்தோட, பேரோட ஆகட்டும். பத்து பேரையும் கூப்பிடறேன். ஃபைல்தான் திங்கட்கிழமை போகும், என் குரல் இன்னைக்கே போகும். யாரை முதல்ல கூப்பிடலாம்?

— இருபத்தொன்பதை. அங்க மீசைக்காரர் இருக்கார். ரிடையர் ஆக மூணு மாசம். ரூல் புத்தகத்தைத் தலைமாட்டுல வச்சுத் தூங்கற மனுஷன். செருப்பைக்கூட ரூல்படிதான் கழட்டுவார். மணி அடிக்காம கைப்பிடியைத் தொடவே மாட்டார். எனக்கு இப்பப் பயமே அவரை நினைச்சுத்தான். இருங்க, கேக்கறேன். ஸ்டேஷனா? பதினேழு. இருபத்தொன்பதுக்குக் குடுங்க, அவசரம்.

— இருபத்தொன்பது. சொல்லுங்க.

— அண்ணே, நான் பதினேழு. ஆபீஸ் மேடம் பக்கத்துல இருக்காங்க. உங்ககிட்டப் பேசணுமாம்.

— இந்த ஃபோன்ல வேலை விஷயம் மட்டும்தாம்மா பேசணும்.

— வேலை விஷயம்தாண்ணே. குடுக்கறேன், கேளுங்க. மேடம், ரிசீவரை நடுவுல பிடிங்க, எனக்கும் கேக்கட்டும்.

— வணக்கம் சார். கேட்டு எண்களைச் சேர்க்கற புரோகிராமை எழுதினவ பேசறேன். உங்க மணி தொண்ணூறு செகண்டு முன்னாடி அடிக்கணும். என் தப்பால அறுபதுன்னு ஆயிடுச்சு. இனிமே மணிக்காகக் காத்திருக்காதீங்க. முப்பது செகண்டு முன்னாடியே கையால மூடுங்க. யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு என் பேரைச் சொல்லுங்க. பதிவாகுதுன்னு தெரிஞ்சுதான் சொல்றேன்.

— லைன்ல இருக்கீங்களாண்ணே?

— இருக்கேம்மா. மேடம், நீங்க பதிவுல சொன்னதால நானும் பதிவுலயே சொல்லிடறேன். பதினாறு நாளா நான் மணிக்காக நிக்கல. ஆறாம் கேட்டும் நிக்கல, முப்பத்திமூணும் நிக்கல, நாப்பதும் நிக்கல. தண்டவாளத்தைச் சோதிச்சுக்கிட்டு நடந்து வர்றவர்கிட்ட சொல்லியனுப்பி, மணியை நம்பாதேன்னு ஒவ்வொரு கேட்டுக்கும் நான்தான் தகவல் குடுத்தேன். பதினேழுக்கு மட்டும் சொல்லியனுப்பல, அந்தப் பொண்ணு எப்படியும் மூடிடும்னு எங்க எல்லாருக்கும் தெரியும்.